சொல்வன்மைக் கலையும் வலையொலியும்

ஆங்கிலத்தில் 'பாட்காஸ்ட்' என வழங்குவதைத் தமிழில் 'வலையொலி' என்கின்றோம். குறித்த நேரத்தில் ஒலிபரப்பாகிக் காற்றோடு கலந்துவிடும் வானொலிப் பேச்சினின்று இது வேறுபட்டது. பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிட்டால், கேட்பவர் தமக்கு வாய்த்த பொழுதில், பேருந்திலோ அடுக்களையிலோ இருந்தவாறு கேட்டுக்கொள்வர். கதை, அரசியல், விளையாட்டு என எத்தனையோ பொருள்பற்றி வலையொலிகள் உள. அவற்றுள் ஒரு சிறு வகையே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சொல்வன்மைக் கலையையும் எழுத்துப் பயிற்சியையும் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் துறையைப் பற்றித் தாமே நடத்திவரும் வலையொலிகளே அவை.

சொல்வன்மைக் கலை என்றது, கிரேக்கர் தோற்றுவித்து உரோமர் வளர்த்த 'ரெட்டரிக்' என்னும் கலையை. இதனை அணியிலக்கணம் என மொழிபெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. கருத்தைத் தேடிக் காணல், முறைப்பட வகுத்தல், சொல்லால் புனைதல், நினைவில் இருத்தல், அவையில் எடுத்துரைத்தல் என ஐந்து உறுப்புகள் உடையது அக்கலை. அணி, மூன்றாம் உறுப்பின் ஒரு கூறே ஆகும். வள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என வகுத்த மூன்று அதிகாரங்களையும் ஒருங்கே வைத்து நோக்கின், அதன் பரப்பு ஒருவாறு நமக்குப் புலனாகும்.

ஐந்தனுள் இறுதி உறுப்பான எடுத்துரைத்தலுக்குப் பண்டையோர் அளித்த சிறப்பு பெரிது. சொற்பொழிவுக்கு முதன்மையானது யாது என வினவியபோது, 'எடுத்துரைத்தல்' என்றாராம் டெமாஸ்தனீஸ். இரண்டாவது யாது, மூன்றாவது யாது என வினவியபோதும் அதனையே விடையாகக் கூறினாராம். சிசரோவும் குவிண்டிலியனும் இதனைக் குறித்து வைத்துள்ளனர். அத்துணைச் சிறப்புடைய உறுப்பு, கல்லூரி வகுப்பறையை விட்டு எவ்வாறு வெளியேறிற்று என்பதை அறிந்தாலன்றி, இன்றைய வலையொலி ஆசிரியர்கள் செய்யும் பணியின் பொருள் விளங்காது.

பேச்சு வெளியேறிய வரலாறு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'பாயில்ஸ்டன் இருக்கை' என ஒரு பேராசிரியர் பதவி உண்டு. நிக்கலஸ் பாயில்ஸ்டன் என்னும் பாஸ்டன் நகர வணிகர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு, சொல்வன்மையும் மேடைப்பேச்சும் கற்பிப்பதற்கென நிறுவப்பட்டது அது. 1806ஆம் ஆண்டில் அதில் முதன்முதல் அமர்ந்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். பின்னர் அமெரிக்கக் குடியரசின் ஆறாவது தலைவரானவர். அவர்தம் வகுப்புரைகள் 1810இல் நூலாக வெளிவந்தன.

1851இல் அப்பதவிக்கு வந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்பாரின் உள்ளம் பழங்கதைப் பாடல்களைத் தொகுப்பதிலேயே ஈடுபட்டிருந்தது. அவருக்குப் பின் 1876இல் வந்தவர் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில். இவர் செய்தித்தாளில் பணியாற்றியவர். மாணவர் எழுதும் ஆங்கிலம் பிழை மலிந்திருப்பதைக் கண்டு, முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் கட்டுரைப் பயிற்சி வேண்டும் என வற்புறுத்தினார். அப்பயிற்சி ஹார்வர்டிலிருந்து ஏனைய கல்லூரிகளுக்கும் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டில் அதே இருக்கையில் கவிஞர்கள் அமர்ந்தனர். 1949இல் ஆர்ச்சிபால்டு மக்லீஷும், 1984இல் ஷேமஸ் ஹீனியும் அதனைப் பெற்றனர். மேடைப் பேச்சுக்கென ஏற்பட்ட பதவி, முதலில் கட்டுரைக்கும் பின்பு கவிதைக்கும் உரியதாயிற்று. கவிஞர்பால் நமக்குக் குறையொன்றும் இல்லை. பேச்சு எங்கே போயிற்று என்பதே வினா.

அது தனிக்குடித்தனம் போயிற்று. ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் 1911இல் சிகாகோவில் தொடங்கப் பெற்றது. பேச்சுக் கலை கற்பித்தோரும் அதில் உறுப்பினராயிருந்தனர். தம் கலைக்கு அங்கு உரிய மதிப்பில்லை என அவர்கள் மனம் புழுங்கினர். 1914ஆம் ஆண்டு நவம்பரில் பதினேழு பேர் பிரிந்து சென்று தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். ஜேம்ஸ் ஓநீல் அதன் முதல் தலைவர். மறு ஆண்டே தனி ஆய்விதழும் வெளிவந்தது. அன்று தொட்டு எழுத்து ஆங்கிலத் துறைக்கும், பேச்சு மற்றொரு துறைக்கும் என ஆயின. ஒரே கட்டடத்தில் இரு மாடிகளில் இருந்துகொண்டு, ஒருவர் இதழை மற்றொருவர் படியாமலே இரு சாராரும் காலங் கழித்தனர் எனில் அது மிகையாகாது.

இப்பிரிவினையால் யாருக்கு இழப்பு என்னும் வினாவை வன்மையாக எழுப்பியவர் சிந்தியா செல்ஃப் என்னும் பேராசிரியை. 2009இல் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரை, எழுத்துப் பயிற்சித் துறையில் பெரிதும் பேசப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரியில் ஒப்பித்தலும் வாதமும் மேடையுரையுமே கல்வியாக இருந்தன. பின்னர் எழுத்தே அறிவு எனக் கொள்ளப்பட்டதால், பேச்சு மரபு செழித்த கறுப்பினத்தார், பழங்குடியினர் போன்றோரின் பிள்ளைகள் தம் வலிமையைக் கல்லூரி வாயிலுக்கு வெளியே விட்டுவர நேர்ந்தது என்பது அவர் வாதம். எழுத்தைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை. ஒலியையும் உடன் சேர்க்குமாறே கேட்டார்.

மறு ஆண்டே டக்ளஸ் ஹெஸ்ஸே அதே இதழில் எதிர்வினா எழுப்பினார். நம் துறை கற்பிப்பது எழுத்தையா, அன்றி எந்தக் கருவியாலும் கருத்தை எடுத்துரைக்கும் பொதுக் கலையையா என்பதே அது. முன்னதாயின் ஒலிக்கு எவ்வளவு இடம் தருவது? பின்னதாயின் எழுத்துக்கு எவ்வளவு காலம் எஞ்சும்? இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வாரத்துக்கு இத்தனை பாடவேளை என எண்ணிக் கையில் கொடுக்கப்பெறும் ஆசிரியர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

இவ்வழக்கில் வலையொலி ஒரு நல்ல சான்றாக அமைகின்றது என்பது நம் கருத்து. அரை மணி நேரப் பகுதி ஒன்றுக்கு, விருந்தினரின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்தல், முன்னுரை எழுதுதல், வினாக்களைத் திருத்தித் திருத்தி அமைத்தல், அறிமுகக் குறிப்பு வரைதல், இறுதியில் பேச்சு முழுமையையும் எழுத்துப்படியாக்கல் எனப் பேச்சைச் சூழ்ந்து நிற்பன யாவும் எழுத்துப் பணிகளே. மாணவன் ஒருவனுக்கு இதனைப் பயிற்சியாகக் கொடுப்பின், அவன் எழுதும் அளவு குறைவதற்குக் காரணமில்லை. வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்பதால், தான் எழுதியதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கமும் அவனுக்குத் தானே வரும்.

நடப்பவை சில

வலையொலியின் பிறப்பிலும் ஹார்வர்டுக்குப் பங்குண்டு என்பது வியப்பு. வானொலியில் பெயர்பெற்ற கிறிஸ்டஃபர் லைடன், 2003இல் அங்கிருந்த இணைய ஆய்வு மையத்தில் தாம் கண்ட நேர்காணல்களைப் பதிவு செய்தார். டேவ் வைனர் அவற்றை 'ஆர்எஸ்எஸ்' என்னும் முறையால் கேட்போரின் கணினிக்குத் தாமே சென்று சேருமாறு செய்தார். 'பாட்காஸ்ட்' என்னும் பெயர் 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்பார் 'கார்டியன்' இதழில் எழுதிய கட்டுரையில் தோன்றிற்று.

சொல்வன்மைத் துறையில் அதன் பின் எழுந்தவை பல. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பிறந்த 'மியர் ரெட்டரிக்', ஓர் அறிஞரையோ ஒரு கோட்பாட்டையோ எடுத்துக்கொண்டு சிறு உரையாக விளக்குவது. 'வெறும் பேச்சு' என ஆங்கிலத்தார் இக்கலையை இகழும் தொடரையே அதற்குப் பெயராகச் சூட்டிக்கொண்டது சுவையான செயல். 'ரெட்டரிசிட்டி' நீண்ட நேர்காணல்களால் அமைவது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'ரீவெர்ப்', நாட்டு நடப்பில் மொழி எவ்வாறு கையாளப்படுகின்றது என ஆராய்வது. 2019இல் தொடங்கிய 'பெடகாக்', எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்து, தாம் வகுப்பில் என்ன செய்கின்றார்கள் எனக் கேட்பது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தாரோடு, ஈராண்டுக் கல்லூரிகளில் பணிபுரிவோரும் அதில் பேசினர். அவ்வுரையாடல்களிலிருந்து 2023இல் ஒரு நூலும் உருவாயிற்று.

மற்றொன்று தலைகீழானது. 'எழுத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள்' எனப் பொருள்படும் கட்டுரைத் தொகுதி ஒன்று 2017இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக நூலகத்தால் இலவசமாக வெளியிடப்பெற்றது. அதன் கட்டுரைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தே ஓர் ஆசிரியர் வலையொலி நடத்தினார். நூலின் உரிமத்தை முன்கூட்டியே தாராளமாக வைத்திருந்தமையால் அது இயன்றது. நம்மிடையே நூல் வெளியிடுவோர் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

செவிக்கு எழுதுதல்

இனி நடத்தும் முறைக்கு வருவோம். ஒலிவாங்கி, கணினி முதலியன பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. ஓரளவு நல்ல ஒலிவாங்கி, வாய்க்கு ஒரு சாண் தொலைவு, எதிரொலி எழாதவாறு திரைச்சீலையும் நூலடுக்கும் உள்ள சிறு அறை, இவை போதும். ஒலியைச் செப்பம் செய்ய 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. இருவர் வேறுவேறு ஊர்களில் இருந்து பேசுவதாயின், ஒவ்வொருவர் குரலும் அவரவரிடத்தே தனித்தனியாகப் பதிவாகுமாறு செய்துகொள்ள வேண்டும். இணையம் இடறினாலும் பதிவு இடறாது.

கடினமானது கருவியன்று, வாக்கியமே. கண்ணுக்கு எழுதிப் பழகிய கை, செவிக்கு எழுதும்போது தடுமாறும். ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் கற்பிக்கப்பட்டு 1783இல் நூலாக்கப்பட்டு அமெரிக்கக் கல்லூரிகளில் பல்லாண்டு பாடமாக வைக்கப்பட்டிருந்த சொல்வன்மை பற்றிய வகுப்புரைகளை எழுதிய ஹியூ பிளேர்' எனத் தொடங்கி அது மேலும் செல்கின்றது. அச்சில் இதனைப் படிப்பவர் மீண்டும் ஒருமுறை பார்வையை ஓட்டிப் பொருள் காண்பர். கேட்பவர்க்கு அவ்வசதி இல்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பதே இறுதியிலன்றோ வருகின்றது! இதனையே செவிக்கு எழுதினால், 'ஹியூ பிளேர் ஓர் ஆசிரியர். ஸ்காட்லாந்து நாட்டவர். எடின்பரோவில் சொல்வன்மை கற்பித்தார். தம் வகுப்புரைகளை 1783இல் நூலாக்கினார். அந்நூல் கடல் கடந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சென்றது. பல்லாண்டு அங்கே பாடமாக இருந்தது' என வரும். ஆளை முதலில் நிறுத்திவிட்டால், பின்வரும் செய்திகளை எங்கே சேர்ப்பது என்பது கேட்பவர்க்குத் தெரிந்துவிடும். பெயரெச்சங்களை அடுக்கிக் கொண்டே போகும் உரிமையைத் தமிழ் நமக்குத் தந்திருக்கின்றது. ஒலிவாங்கியின் முன் அவ்வுரிமையைச் சற்றே துறக்கத்தான் வேண்டும்.

மேற்கோள் இதனினும் தொல்லை தருவது. மேற்கோட்குறி காதில் விழுவதில்லை. பிறர் கூற்று எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பது தெரியாவிடின், கேட்பவர் அதனைப் பேசுபவரின் சொந்தக் கருத்தெனவே கொள்வர். ஆய்வுலகில் இது சிறு குற்றமன்று. ஆங்கிலத்தார் 'இன்னார் கூறுகின்றார்' என முன்னரே சொல்லிவிடுவது பெருவழக்கு. தமிழிலோ 'என்று', 'என்றார்' என்பன மேற்கோள் முடிந்த பின்னரே வருவன. ஆதலின் 'பிளேர் கூறுவது இது' என முன்னும் ஓர் அடையாளம் வைத்து, முடிவில் 'என்றார்' எனவும் கட்டிவிட வேண்டும். மேற்கோள் பகுதியை மட்டும் வேறொருவர் குரலில் படிக்கச் செய்வதும் உண்டு. அடிக்குறிப்பைப் படித்துக் காட்ட இயலாது. ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் வாக்கியத்துக்குள்ளேயே இழைத்து, ஆண்டும் பக்கமும் முதலியவற்றை உடன்வரும் எழுத்துக்குறிப்பில் வைப்பர்.

நேர்காணலில் வினாவே பாதிப் பணி. ஒரே மூச்சில் மூன்று வினாக்களை அடுக்கினால், விருந்தினர் தமக்கு எளிதான இறுதி வினாவுக்கு மட்டும் விடை கூறி நின்றுவிடுவார். வினாவினூடே தம் புலமையையெல்லாம் காட்டிவிட விழைவாரும் உளர். விருந்தினர் 'ஆம்' என்பதற்கு மேல் சொல்ல அங்கு ஒன்றும் இராது. வினாவும் விடையுமாகப் பொருளை விரித்துச் செல்லும் இறையனார் களவியல் உரையைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு, நல்ல வினா எத்துணைக் குறுகியது என்பதை எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

பதிவான பேச்சை வெட்டிச் சுருக்குவதில் ஓர் அறம் உண்டு. இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கலாம். ஒரு கருத்தைக் கூறிவிட்டு அதற்கு விருந்தினர் வைத்த வரம்பை நீக்குதல் ஆகாது. 'பெரும்பாலும்', 'என் வகுப்பளவில்' என்னும் சொற்கள் நேரத்தைக் கருதி வெட்டப்பட்டால், அடக்கமாகப் பேசிய அறிஞர் ஆரவாரக்காரராக உலகுக்குக் காட்சியளிப்பார்.

எழுத்துப்படி என்னும் கடமை

ஒலியால் அறிவு பரவும் என மகிழும்போதே, அவ்வொலி எட்டாதவரை நினைத்தல் வேண்டும். செவிப்புலன் இல்லாதவர்க்கு வலையொலி மூடிய கதவே. இது குறித்து அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை அறிந்துகொள்வது பயன் தரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், தன் வகுப்புரைகளைப் பல்லாண்டு இணையத்தில் எவரும் காணவும் கேட்கவும் வைத்திருந்தது. அவற்றுள் மிகப் பலவற்றுக்கு எழுத்துரை இல்லை. காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இருவர் முறையிட்டனர். அது சட்டத்துக்கு மாறானது என 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறை எழுதிற்று. பெர்க்லி என்ன செய்தது? 2017இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது! எழுத்துப்படி ஆக்கும் செலவுக்கு அஞ்சி, எல்லார்க்கும் இல்லையென்றாக்கியது. வழக்கிட்டவர்மேல் பழி சுமத்தியவர் பலர். நம் எண்ணம் வேறு. முதல் நாளே செய்யவேண்டிய பணியை இருபதாயிரம் பதிவு சேரும் வரை தள்ளிப்போட்டதே கேடு. 2022இல் பெர்க்லியும் நீதித் துறையும் நீதிமன்றத்தின்வழி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இணையப் பதிவுகளை அனைவர்க்கும் பயன்படுமாறு அமைக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது.

ஆதலின், பகுதி வெளியாகும் அன்றே எழுத்துப்படியும் வெளியாதல் வேண்டும். ஒரு மணி நேர ஆங்கிலப் பேச்சு ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் வரும். கையால் எழுதினால் பல மணி நேர வேலை. 2022இல் வெளிவந்த 'விஸ்பர்' போன்ற கணினிக் கருவிகள் அதனை மிக எளிதாக்கியுள்ளன. ஆயினும் அவை இடறுவது ஆட்பெயரிலும் நூற்பெயரிலும் கலைச்சொல்லிலும். ஆய்வுக்கு உயிரானவை அவையேயன்றோ? ஆகவே ஒருவர் அமர்ந்து ஒப்பிட்டுத் திருத்தாமல் எழுத்துப்படியை வெளியிடலாகாது. இத்திருத்தத்தால் மற்றொரு பயனும் உண்டு. ஒலியை மேற்கோள் காட்டத் தயங்கும் ஆய்வாளர், எழுத்துப்படியைத் தயங்காது மேற்கோள் காட்டுவர்.

மதிப்பும் காப்பும்

இவ்வளவு உழைப்பும் ஆய்வாகக் கணக்கிடப்படுமா? பதவி உயர்வுக் குழுவினர், துறை அறிஞரின் மதிப்பீட்டைக் கடந்து ஆய்விதழில் வந்த கட்டுரையை எண்ணுவர். வலையொலியைப் 'பொதுத்தொண்டு' என ஓரத்தில் எழுதுவர். இதனை மாற்ற ஒரு முயற்சி கனடாவில் நடந்தது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ஹன்னா மெக்ரகர் 2017இல் தொடங்கிய வலையொலி ஒன்றை, வில்ஃபிரிட் லாரியர் பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலைப் போலவே மதிப்பீட்டுக்கு அனுப்பிற்று. அறிஞர்கள் கேட்டு எழுதிய மதிப்புரைகளும், அவற்றுக்கு அவர் அளித்த விடையும் வெளிப்படையாகவே வைக்கப்பெற்றன. யார் எழுதினார் என்பது மறைக்கப்படவில்லை. சொல்வன்மைத் துறையினர் தாமும் இவ்வழியைப் பின்பற்றுவரேல், 1914இல் நேர்ந்த பிளவின் ஒரு முனையேனும் ஒட்டும். இளம் ஆய்வாளர்களே இப்பணியை மிகுதியும் சுமக்கின்றனர். அவர்கள் வேலை தேடும் காலத்தில் இவ்வுழைப்புக்கு மதிப்பில்லை எனின், அடுத்த ஆண்டு அதனைத் தொடர யார் முன்வருவர்?

அவர்கள் பட்டம் பெற்று வெளியேறியதும் வலையொலிகள் நின்றுபோவதும் உண்டு. நிற்பது மட்டுமன்று, மறைந்தும் போகும். ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் செலுத்துவார் இல்லாதபோது, அவை அழிக்கப்படும். கேட்பதற்கு உதவும் செயலிகளும் நிலையானவை அல்ல. கூகுள் நிறுவனம் தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் மூடிவிட்டது. நல்வினையாக, 'ஆர்எஸ்எஸ்' யாருக்கும் சொந்தமில்லாத பொதுமுறையாதலின், கேட்போர் வேறு செயலிக்கு மாற முடிந்தது. ஆய்விதழ்களை நூலகங்கள் காப்பதுபோல் இவற்றையும் காக்க, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் 'பாட்காஸ்ட்ரீ' என்னும் பெயரால் ஒரு பெருந்திரட்டை அமைத்துள்ளனர். ஒலியோடு அதன் தலைப்பு, நாள் முதலிய குறிப்புகளும் அத்தகைய திரட்டுகளுக்கு வேண்டும். அவற்றை முதற்கண் எழுதவேண்டியவர் வலையொலி நடத்துபவரே. பகுதி எண்ணும் நாளும் விருந்தினர் பெயரும் இன்றி, 'இறுதி', 'இறுதி இரண்டு', 'மெய்யாகவே இறுதி' எனக் கோப்புகளுக்குப் பெயரிட்டு வைப்பாரும் நம்மிடையே உளர். எந்த நூலகர் வந்து அவற்றை அடுக்குவார்?